என் எண்பதாவது வயதும் ஒரு சாம்பல் நிறக் காரும்

உப்புவெளியில் இருக்கும் என் சனங்களுக்கு, ஆண்டவருடைய சமாதானம் உண்டாகட்டும் என்று அந்தோனிப்பிள்ளை எழுதுவது. திருவிழா மலருக்கு வெளிநாட்டில் இருப்பவர்களும் ஏதாவது எழுதி அனுப்பவேண்டும் என்று சுவாமியார் கேட்டிருந்தார். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். பனியைப் பற்றியும் உயரமான கட்டடங்களைப் பற்றியும் மற்றவர்கள் எழுதுவார்கள். நான் என் காரைப் பற்றி எழுதுகிறேன்.

1

போன மாசி மாதம் ஒரு கடிதம் வந்தது. எனக்கு எண்பது வயது நிறைவதால், கார் ஓட்டும் லைசன்ஸைப் புதுப்பிக்க நேரில் வரவேண்டுமாம். கண்ணைப் பார்ப்பார்கள், தாளில் ஒரு சோதனை வைப்பார்கள், சந்தேகம் வந்தால் வீதியில் ஓட்டிக் காட்டச் சொல்வார்கள்.

எனக்கு எழுபத்துநாலு வயது.

உங்களில் மூத்தவர்களுக்கு இது தெரியும். அந்தோனியாருக்குக் கொடியேறிய அன்று பிறந்தபடியால்தான் எனக்கு இந்தப் பெயர். ஞானஸ்நானப் புத்தகத்தில் அது சரியாக இருக்கிறது. ஆனால் கனடாவின் புத்தகத்தில் நான் ஆறு வயது மூத்தவன். அது எப்படி என்று என் மகளுக்குக்கூடச் சொன்னதில்லை. உங்களுக்குச் சொல்கிறேன். இந்த மலர் அவளுடைய கைக்குப் போனாலும் பயமில்லை. என் மகள் ஷாமினிக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது.

2

நான் நாட்டை விட்டு வெளிக்கிட்டது வேறொருவருடைய பாஸ்போர்ட்டில். படத்தை மட்டும் மாற்றியிருந்தார்கள். கொழும்பில் ஒரு லொட்ஜ் அறையில் பதினொரு நாள் அடைபட்டுக் கிடந்தோம். ஏஜென்சிக்காரர் காலையும் மாலையும் வந்து கேட்பார்.

"பேர்?"

சொல்லவேண்டும்.

"பிறந்த திகதி?"

சொல்லவேண்டும். தடுமாறினால் அவருக்குக் கோபம் வரும். "அண்ணை, நித்திரையில எழுப்பிக் கேட்டாலும் வாயில வரவேணும். அங்க உங்களை அந்தோனியார் வந்து காப்பாத்தமாட்டார்" என்பார்.

என்னுடைய மண்டையில் எழுத்து நிற்காது. செபம் மட்டும்தான் நிற்கும். அதனால் செபமாலை சொல்லும்போது ஒவ்வொரு பத்து மணி உருட்டியதும் ஒருமுறை அந்தத் திகதியைச் சொல்லிச் சொல்லிப் பாடமாக்கினேன். பதினொரு நாளும் மாதாவின் செபத்துக்கு நடுவில் ஒரு பொய் கிடந்தது.

ரொறன்ரோ விமான நிலையத்தில் இறங்கியதும் பாஸ்போர்ட்டைக் கிழித்து எறிந்துவிட்டு, அகதி என்று உண்மையைச் சொல்லவேண்டும் என்பதுதான் திட்டம். நானும் அப்படித்தான் செய்தேன். மொழிபெயர்க்க ஒரு தமிழ்ப் பிள்ளை வந்தது. பெயர் கேட்டார்கள். என் சொந்தப் பெயரைச் சொன்னேன். ஊர் கேட்டார்கள், சொன்னேன். பிறந்த திகதி கேட்டார்கள். செபமாலையில் பாடமாக்கியது வாயிலிருந்து தானாக வந்துவிட்டது. அந்தப் பிள்ளை எழுதினாள். கையெழுத்து வைத்தேன். வெளியில் வந்து கோப்பி குடிக்கும்போதுதான் நான் சொன்னது அந்தப் பாஸ்போர்ட்காரருடைய திகதி என்று உறைத்தது.

திரும்பப் போய்ச் சொல்லியிருக்கலாம். "ஒன்றில் பொய் சொன்னவன் மற்றதிலும் சொல்லியிருப்பான் என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள்" என்று கூட வந்தவர்கள் பயப்படுத்தினார்கள். அப்படியே விட்டேன். பிறகு என் மனுசி றெஜினாவைக் கூப்பிடும்போது எங்கள் கலியாணப் பதிவில் என் உண்மையான வயது இருந்தது. அது தொலைந்துபோனது என்று அவள் திருகோணமலையில் ஒரு சத்தியக்கடதாசி முடித்து அனுப்பினாள். இரண்டாவது பொய்க்கு அவளுடைய கையெழுத்து.

முழுவதையும் சொல்லவேண்டும் என்றால், அந்தப் பொய்யின் பலனையும் அனுபவித்தேன். ஆறு வருடம் முந்தியே முதியோருக்கான பணம் வந்தது. பாண் பேக்கரியில் வேலையை ஆறு வருடம் முந்தியே விட்டேன். அப்போது எனக்கு அது பொய்யாகத் தெரியவில்லை. பாவசங்கீர்த்தனத்தில் மூன்று முறை சொன்னேன். இங்கிலீஸ் சுவாமியாருக்கு நான் சொன்னது விளங்கியதோ தெரியாது. மூன்று முறையும் ஒரே அபராதம்தான் தந்தார்.

3

கார் எதற்கு என்று இங்கே இப்போது எல்லோரும் கேட்கிறார்கள். ஷாமினி நகரத்தின் நடுவில் இருபத்தொன்பதாம் மாடியில் இருக்கிறாள். அவளிடம் கார் இல்லை. கடிதத்தை அவளிடம் காட்டியபோது சிரித்தாள்.

"நல்லதாப் போச்சப்பா. இதோட விட்டிடுங்கோ. இப்ப ஒருத்தரும் கார் வைச்சிருக்கிறேல்லை. என்ர ஒஃபீசில பாதிப் பேரிட்ட லைசன்ஸே இல்லை. போனில ஒருக்கா அமத்தினா நாலு நிமிசத்தில வரும்."

"ஆர் வரும்?"

"கார் வரும்."

"அதைத்தான் கேக்கிறன் மகள். ஆர் வரும்?"

"ஐயோ அப்பா, அதை ஓட்டுற ஆள் வரும். ஆரெண்டு தெரிஞ்சென்ன செய்யப் போறியள்?"

அவள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் அவளுக்குத் தெரியாத ஒரு கதை இருக்கிறது. அவளுக்கு முன்னால் ஒரு பிள்ளை இருந்தது என்பதே அவளுக்குத் தெரியாது.

எங்கள் வீதியில் அப்போது ஒரேயொரு கார், பீற்றர் அண்ணையின் மொரிஸ். ஆஸ்பத்திரிக்கும் அதுதான், கலியாணத்துக்கும் அதுதான். றெஜினாவுக்கு முதல் வயிற்றில் நோவு வந்த அன்று மத்தியானம் இரண்டு மணிக்கு ஊரடங்கு என்று அறிவித்துவிட்டார்கள். அதற்குள் போய்விடலாம் என்று பீற்றர் அண்ணையிடம் ஓடினேன். கார் கொட்டிலில் நின்றது. நாலு கல்லில் நின்றது. ரயர் ஒன்றும் இல்லை.

"தம்பி, நேற்றுத்தான்ரா கழட்டிக் கிணத்தடி மண்ணுக்குள்ள தாட்டனான். ஆமி கேட்டாலும் இயக்கப் பெடியள் கேட்டாலும் குடுக்க ஏலாமல் இருக்கட்டும் எண்டு. பூட்ட ரெண்டு மணித்தியாலம் செல்லும்" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

அவரில் பிழை இல்லை. அந்த நாளில் வாகனம் வைத்திருந்தவர்கள் எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள். மீன் ஏற்றுகிற தள்ளுவண்டியில் சாக்கை விரித்து, அதில் றெஜினாவைக் கிடத்தி, கடற்கரை வீதியால் தள்ளிக்கொண்டு போனேன். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தோம். பிள்ளை தங்கவில்லை.

றெஜினா அழுததைவிட ஒரு சொல்தான் எனக்கு நெஞ்சில் நிற்கிறது. "எங்களிட்ட சொந்தமா ஒரு வாகனம் இருந்திருந்தா, அது நேரத்துக்கு வந்திருக்கும்" என்றாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அந்தக் கதையை அவள் எடுக்கவேயில்லை.

இங்கே வந்து நான் முதல் வாங்கிய சாமான் கட்டிலும் இல்லை, அலுமாரியும் இல்லை. கார்தான். சுவாமியாரைக் கொண்டு தீர்த்தம் தெளித்தேன். றெஜினா பக்கத்து ஊரான சல்லியில் சைவக் குடும்பத்தில் பிறந்து, என்னைக் கட்டும்போது ஞானஸ்நானம் எடுத்து வேதத்துக்கு வந்தவள். சுவாமியார் போகும்வரை பார்த்திருந்துவிட்டு, ரயர்களுக்கு அடியில் வைக்கக் கைப்பையிலிருந்து நாலு தேசிக்காயை எடுத்தாள்.

"இது என்ன வேலை?" என்று கேட்டேன்.

"மாதா கோவிக்கமாட்டா. அவவும் பிள்ளை பெத்தவதானே. வைச்சிட்டு எடுங்கோ காரை."

தை மாதக் குளிர். தேசிக்காய் ஒவ்வொன்றும் கல்லாய் இறுகிவிட்டது. நான் காரை எடுத்தால் அது நசிபடாமல் ஒரு பக்கமாய் ஏறி, தடால் என்று இறங்கியது. பக்கத்துக் கார்க்காரர் இறங்கி வந்து அடியில் எட்டிப் பார்த்தார். அன்றைக்கு றெஜினா சிரித்த சிரிப்பைப்போல் நான் பிறகு பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு இரண்டு தரம் கார் மாற்றினோம். மூன்றும் சாம்பல் நிறம். வேறு நிறம் அவள் விடமாட்டாள். "ஊத்தை தெரியாது" என்பாள்.

4

இப்போது மூன்று வருடமாக றெஜினா ஒரு பராமரிப்பு இல்லத்தில் இருக்கிறாள். மறதி வியாதி. அடுப்பை மூட்டிவிட்டு வெளியில் போய் நிற்கத் தொடங்கினாள். பிறகு வீட்டில் வைத்திருக்க ஏலாமல் போய்விட்டது. அந்த இல்லம் நகரத்துக்கு வெளியே ஒரு பெரிய வீதியின் ஓரத்தில் இருக்கிறது. இரண்டு பஸ் மாறி, நடைபாதை இல்லாத இடத்தில் கால் மைல் நடக்கவேண்டும். காரில் இருபது நிமிடம்.

நான் காலையில் எழும்பி, செபம் சொல்லி, இடியப்பம் அவித்து, சொதி வைத்து எடுத்துக்கொண்டு பதினொன்றரைக்கு வெளிக்கிடுவேன். ஒருநாள்கூடத் தவறியதில்லை. அங்கே கொடுக்கும் சாப்பாட்டை அவள் தொடமாட்டாள்.

இதைக் கவனமாகக் கேளுங்கள். அவளுக்கு என் முகம் மறந்துவிட்டது. ஷாமினியின் முகமும் மறந்துவிட்டது. ஆனால் கார் மறக்கவில்லை. பதினொன்றே முக்காலுக்கு ஜன்னலடியில் கதிரையைப் போட்டு இருப்பாள். சாம்பல் நிறக் கார் வீதியிலிருந்து உள்ளே திரும்பும்போது எழும்பி நிற்பாள். பராமரிக்கும் பிலிப்பைன்ஸ் பிள்ளை எனக்குச் சொல்லியிருக்கிறாள், அந்தக் காரைக் கண்டதும் தலையை இழுத்துக் கட்டுவாளாம். நான் கதவைத் திறக்கும்போது, "வந்திட்டீங்களே? றோட்டில சனமோ?" என்று கேட்பாள். காரைக் கண்டபடியால்தான் கதவைத் திறப்பது நான் என்று அவளுக்குத் தெரியும்.

ஒருமுறை என் கார் திருத்தத்தில் நின்றபோது ஷாமினி வாடகைக்கு எடுத்த சிவப்புக் காரில் போனோம். அன்று றெஜினா எங்கள் இரண்டு பேருக்கும் கைகூப்பி வணக்கம் சொன்னாள்.

அதனால்தான் அந்தக் கடிதத்தைக் கண்டு நான் பயந்தேன். அது லைசன்ஸ் கடிதம் இல்லை. என் மனுசிக்கு நான் யார் என்பதை முடிவு செய்யும் கடிதம்.

5

உப்புவெளியில் என் தங்கச்சி பிலோமினாவுக்கு வட்ஸ்அப்பில் எடுத்தேன். அவளுக்கு எல்லாம் தெரியும்.

"அண்ணை, உங்களுக்கு எழுபத்துநாலு. ஞானஸ்நானக் கடதாசி எடுத்து அனுப்பட்டே? நாளைக்கே கோயிலுக்குப் போறன். காட்டிப்போட்டு ஆறு வருசம் சும்மா ஓட்டுங்கோ."

"காட்டினால் முதல் சொன்னது பொய்யெண்டு வரும், பிலோ."

"முப்பது வருசத்துக்கு மேலாச்சு. ஆர் இப்ப கிண்டப் போறான்?"

"கிண்டினால் றெஜினா முடிச்ச சத்தியக்கடதாசியும் வரும். அவள் அந்த இல்லத்தில இருக்கிறாள். அவளைக் கேள்வி கேட்டால் என்ன சொல்லுவாள்?"

பிலோமினா கடதாசிக் கதையை விட்டாள். பிறகு, "எண்டாலும் உங்கட ஊரில கார் இல்லாமல் இருக்க ஏலாதோ? இங்க ஆரிட்ட கார் கிடக்கு? விலையைக் கேட்டால் மயக்கம் வரும். எனக்கு ஓட்டோ ஜெகன் இருக்கிறான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், நம்பர் எடுத்து, என்ர செருப்பையும் கையில பிடிச்சுக்கொண்டு நிக்கிறான். 'அன்ரி, டொக்டரிட்டப் பொய் சொல்லாதைங்கோ, நேற்றுப் பாயாசம் குடிச்சனீங்கள்' எண்டு காட்டியும் குடுக்கிறான்" என்றாள்.

நான் சிரித்துவிட்டேன். ஆனால் போனை வைத்த பிறகு யோசித்தேன். கார் தேவையா இல்லையா என்று கேட்பவர்களுக்கு இதுதான் என் பதில். உனக்கென்று வருவதற்கு ஒரு ஆள் இருந்தால் கார் தேவையில்லை. இந்த நாட்டில் கார் வரும், ஆள் வராது. வருகிற கார் உன்னை இறக்கிவிட்டு, நீ கதவைச் சாத்துவதற்கு முன்னமே அடுத்தவரிடம் போய்விடும்.

அந்தோனியாருக்கு ஒன்பது நாள் நவநாள் செய்தேன். ஒன்பதாம் நாள், ஞானஸ்நானக் கடதாசி வேண்டாம் என்று பிலோமினாவுக்குச் சொல்லிவிட்டேன். எண்பது வயதுக்காரனாகவே போய்ச் சோதனைக்கு இருப்பேன் என்று முடிவெடுத்தேன். முப்பது வருடத்துக்கு மேல் கார் ஓடியவன். ஒரு சிராய்ப்பும் இல்லை. என்ன பயம்?

6

கண் பாஸ். தாளில் மணிக்கூடு கீறச் சொன்னார்கள், கீறினேன். எழுத்துக்களுக்குள் ஒரு எழுத்தைத் தேடித்தேடி வெட்டச் சொன்னார்கள். இங்கிலீஸ் எழுத்து எனக்கு மெதுவாகத்தான் வரும். நேரம் முடிந்துவிட்டது. வீதியில் ஓட்டிக் காட்டுங்கள் என்றார்கள்.

பக்கத்தில் ஒரு பெண் பரிசோதகர். நல்ல மனுசி. எனக்குப் பதற்றம் என்று கண்டு, காலநிலையைப் பற்றிக் கதைத்தா. பின்னுக்கு எடுத்து நிறுத்தினேன், சரி. பெருவீதிக்கு ஏறினேன், சரி. முடிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். திரும்பி வரும் வழியில் ஒரு மாதா கோயில். வாசலில் வெள்ளைச் சுரூபம்.

உங்களுக்குத் தெரியும்தானே. நிலாவெளி வீதியில் ஓடும் பஸ் டிரைவர் கோயில் வந்தால் என்ன செய்வார்? கை ஸ்டியரிங்கை விட்டு நெற்றிக்குப் போகும். அவர் சைவமானாலும் வேதமானாலும் போகும். அவரவர் கோயிலுக்கு முன்னால் அவரவர் கை போகும். என் கையும் போனது. நெற்றி, நெஞ்சு, இடது தோள், வலது தோள். கண்ணும் ஒரு கணம் மூடியது. இத்தனை வருடமாக அந்தக் கை அப்படிப் போவதே எனக்குத் தெரியாது.

பரிசோதகர் எழுதினா. கை ஸ்டியரிங்கில் இல்லை. கண் வீதியில் இல்லை.

"நான் செபம் செய்தேன்" என்று எனக்குத் தெரிந்த இங்கிலீசில் சொன்னேன்.

"எனக்கு விளங்குது, ஐயா. ஆனால் கார் ஓடிக்கொண்டிருந்தது" என்றா.

இன்னொருமுறை ஓட்டிக் காட்டலாம் என்றார்கள். இரண்டாவது முறையும் அதே வழி. இந்தமுறை கோயில் தெரியும்போதே இரண்டு கையாலும் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தேன். மாதாவே மன்னியுங்கள், இன்றைக்கு மட்டும் உங்களைப் பார்க்காமல் போகிறேன் என்று மனதுக்குள் சொன்னேன். கை நின்றது. கால் நிற்கவில்லை. சுரூபத்துக்கு நேரே வந்ததும் கால் பிரேக்கில் ஏறிவிட்டது. பின்னால் வந்த லொறி ஹோர்ன் அடித்த சத்தம் இன்னும் காதில் கேட்கிறது.

அத்தோடு முடிந்தது.

"போதும் அப்பா" என்றாள் ஷாமினி. "ஆருக்கும் அடிபட்டிருந்தால்?"

அவள் கேட்டது சரி. நான் மறுக்கவில்லை. ஆனால் என் உண்மையான வயதில் இருந்திருந்தால் இந்தச் சோதனைக்கு என்னை ஒருவரும் கூப்பிட்டிருக்கமாட்டார்கள். செபமாலையின் நடுவில் நான் போட்ட பொய் இத்தனை வருடம் கழித்து என் பக்கத்துச் சீற்றில் வந்து இருந்தது. யாரை நோவது?

"காரை விக்காதை மகள். நீ லைசன்ஸ் வைச்சிருக்கிறாய்தானே. நீ ஓட்டு. மத்தியானத்தில ஒருக்காக் கொண்டுபோய் விட்டால் காணும்."

"நான் வேலைக்குப் போறேல்லையோ? ரெண்டு சனிக்கிழமை வாறன். ஒவ்வொரு நாளும் ஏலுமே?"

இரண்டு சனிக்கிழமை வந்தாள். மற்ற நாட்களில் பழைய பேக்கரிச் சிநேகிதர் ஒருவர் என் காரை ஓட்டித் தந்தார்; அவரும் எத்தனை நாள் வருவார்? மூன்றாவது சனிக்கிழமை அவளுக்கு ஒரு கூட்டம். காரையாவது அந்த இல்லத்தின் முற்றத்தில் ஜன்னலுக்கு நேரே நிறுத்தி வைக்கலாமா என்று போய்க் கேட்டேன். ஓட்டாத வாகனத்துக்கு இடம் தரும் வழக்கம் இல்லை என்று மரியாதையாகச் சொன்னார்கள். சித்திரை முடிவதற்குள் யாரோ ஒரு மாணவி வந்து காரை வாங்கிக்கொண்டு போனாள். கண்ணாடியில் தொங்கிய செபமாலையைக் கழற்றி என் கையில் தந்தாள். நல்ல பிள்ளை.

7

முதல் நாள் ஷாமினி தன் போனில் அமத்தி, அவள் சொன்னபடியே நாலு நிமிடத்தில் ஒரு வெள்ளைக் கார் வந்தது. ஓட்டிய பெடியன் என் பெயரைக் கேட்டு, ஓம் என்றதும், இறக்கும்வரை வாய் திறக்கவில்லை.

றெஜினா ஜன்னலடியில் இருந்தாள். வெள்ளைக் கார் உள்ளே திரும்பியதை அவள் பார்த்ததை நான் கண்டேன். பார்த்துவிட்டு மறுபடியும் வீதியைப் பார்த்தாள்.

கதவைத் திறந்தேன். அவள் எழும்பி நின்றாள், ஒரு அந்நியனுக்கு எழும்புவதுபோல.

"இருங்கோ ஐயா. அவர் இப்ப வந்திடுவார். நேரம் பிந்தமாட்டார்."

"றெஜினா" என்றேன்.

"ஓம். என்ர பேர் உங்களுக்கு ஆர் சொன்னது?"

மேசையில் இடியப்பப் பெட்டியை வைத்துத் திறந்தேன். அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். "இல்லை. அவர் கொண்டருவார். அவர் வராமல் நான் சாப்பிடுறேல்லை."

பன்னிரண்டரை ஆனது. ஒரு மணி ஆனது. சொதி ஆறிவிட்டது. அவள் ஜன்னலை விட்டுத் திரும்பவில்லை. அவள் பசியோடு இருக்கிறாள் என்று எனக்குத் தெரியும். இவ்வளவு காலமும் எதை எதையோ தப்புவதற்காகப் பொய் சொன்ன வாய்தானே இது.

"அம்மா, அவர்தான் என்னை அனுப்பினவர்" என்றேன். "இண்டைக்கு வர ஏலாமல் போச்சு. சாப்பாட்டைக் குடுத்திட்டு வரச் சொன்னவர்."

திரும்பி என்னைப் பார்த்தாள். "அவருக்கு ஒண்டும் இல்லையே?"

"ஒண்டும் இல்லை. நல்லா இருக்கிறார்."

"காரில வருவார்தானே?"

"ஓம். காரிலதான்."

அப்போதுதான் சாப்பிட இருந்தாள். இப்போது ஒவ்வொரு நாளும் இதே கதைதான், இதே கேள்விதான், இதே பதில்தான். இதை மட்டும் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லவில்லை. சொல்லப் போவதும் இல்லை. சுவாமியார் இதை வாசித்தால் எனக்காக ஒரு பூசை வையுங்கள்.

அவள் ஒரு நாளும் முழுவதையும் சாப்பிடுவதில்லை. பாதி இடியப்பத்தை ஒரு பக்கமாக ஒதுக்கி, சொதியை அதில் விட்டு, பெட்டியை மூடி என் கையில் தருவாள். "இதை அவரிட்டக் குடுத்திடுங்கோ. அவர் பசியோட நிப்பார்" என்பாள்.

திரும்பும்போது நான் வாடகைக் காரில் வருவதில்லை. எனக்கு இப்போது என்ன அவசரம்? கால் மைல் நடந்துபோய், பஸ் தரிப்பில் இருந்து, பெட்டியைத் திறந்து, அந்தப் பாதியைச் சாப்பிட்டு முடிப்பேன். அவள் எனக்கென்று வைத்ததுதானே.